எடை இழந்த தாவீது

1504ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி இரவு, ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் பட்டறையில் வாசலுக்கு மேலே இருந்த சுவரை இடித்தார்கள். உள்ளே நின்ற சிலை வாசலைவிட உயரம். அதை மரச்சட்டத்துக்குள் நின்ற நிலையிலேயே தொங்கவிட்டு, கொழுப்பு தடவிய 14 உத்திரங்களின் மேல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் நகர்த்தினார்கள். பட்டறையிலிருந்து நகராட்சி மாளிகைச் சதுக்கம் நடை தூரம்தான். ஆனால் சிலை போய்ச் சேர நான்கு நாள் பிடித்தது. முதல் இரவே யாரோ கல்லெறிந்ததால் காவலும் போட்டார்கள். மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீது ஊருக்குள் வந்த கதை இது.

508 ஆண்டுகளுக்குப் பிறகு, 2012 மார்ச்சில், அதே தாவீது இரு மடங்கு உயரத்தில், உடம்பெல்லாம் பொன்னிறப் பூச்சோடு, நியூயார்க் தெருக்களில் ஒரு திறந்த லாரியில் மல்லாந்து படுத்தபடி ஊர்வலம் போனது. நெற்றிச் சுளிப்பு, முடிச்சுருள், புறங்கை நரம்பு எல்லாம் அப்படியே இருந்தன. எடை மட்டும் இல்லை.

அந்த எடை எங்கெங்கே, எப்படிக் கழன்றது என்பதுதான் இந்தச் சிலையின் உண்மையான பயண வரலாறு. சுமை குறையக் குறைய அதற்குப் போக இடங்கள் கூடின. விழ வாய்ப்பும் கூடியது.

கூரைக்கு ஏற வேண்டிய கல்

தாவீது தரையில் நிற்பதற்காகத் திட்டமிடப்பட்டதே அல்ல. பேராலயத்தின் மேற்புறத் தாங்குசுவர்களின் உச்சியில் தீர்க்கதரிசிகளின் சிலைகளை நிறுத்த வேண்டும் என்று ஃபிளாரன்ஸ்காரர்கள் நூறாண்டுகளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் டொனடெல்லோ ஆளுயரத்துக்கு ஒரு பளிங்குத் தாவீதைச் செய்தார். கீழிருந்து பார்த்தால் அது கண்ணுக்கே படாத அளவுக்குச் சிறிது. பெரிதாகச் செய்யலாம் என்றால், கல்லில் அவ்வளவு பெரிய உருவத்தை மேலே ஏற்றுவது பெரும்பாடு. ஆகவே 1410இல் டொனடெல்லோ வேறு வழி கண்டார். ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமான யோசுவா சிலையைச் சுடுமண்ணில் செய்து, வெள்ளைப் பூச்சு பூசி, தூரத்துக்குப் பளிங்குபோலக் காட்டினார். அது பல தலைமுறை மேலே நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் அவரும் புரூனெல்லெஸ்கியும் இன்னொரு சோதனை மாதிரி செய்தார்கள். கல்லால் ஆன உருவத்துக்குப் பொன்முலாம் பூசிய ஈயத் தகட்டைப் போர்த்திய மாதிரி அது.

பெரிய சிலையை லேசான பொருளில் செய்து, கனமான பொருளாகக் காட்டும் வித்தை அந்தத் தாங்குசுவரில் தாவீதுக்கு முன்பே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1464இல் ஆலய நிர்வாகம் மீண்டும் பளிங்குக்குத் திரும்பியது. கராரா மலையிலிருந்து வந்த ஒற்றைக் கல்லை அகோஸ்தினோ தி துச்சோ என்ற சிற்பி கொத்தத் தொடங்கிப் பாதியில் விட்டார். பிறகு இன்னொருவர் வந்தார், அவரும் போனார். கல் முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. 1501 ஆகஸ்டில் 26 வயது மைக்கலாஞ்சலோவின் கைக்கு அது வந்தபோது ஏற்கெனவே குறைபட்ட, ஆழம் போதாத கல். அதிலிருந்துதான் அவர் தாவீதை எடுத்தார். முழு உடம்பும் இரண்டு மெல்லிய கணுக்கால்களின் மேலும், வலது காலுக்குப் பின்னே ஒட்டி நிற்கும் ஒரு மரத்தண்டின் மேலும் நிற்கிறது. தலையும் வலது கையும் உடம்புக்குச் சற்றே பெரியவை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்காக அப்படிச் செய்தார் என்பது பலர் சொல்லும் விளக்கம்.

சிலை முடியும் தறுவாயில், 1504 ஜனவரி 25 அன்று, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் நடந்தது. லியோனார்டோ டா வின்சி வந்திருந்தார், போத்திசெல்லியும் வந்திருந்தார். ஐந்தரை டன்னுக்கு மேல் எடையுள்ள கல்லைக் கூரைக்கு ஏற்றும் எண்ணம் கைவிடப்பட்டது. தாவீது சதுக்கத்துக்குப் போனது. 1527 கலவரத்தில் மாளிகையின் மேலிருந்து வீசப்பட்ட ஒரு பொருள் விழுந்து இடது கை உடைந்தது. ஒட்டவைத்தார்கள். 1873இல் மழைக்கும் வெயிலுக்கும் பயந்து அகாதெமியா காட்சிக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். அதன் பிறகு மூலச்சிலை எங்கும் போகவில்லை. பயணம் போனவை எல்லாம் அதன் படிகள்தான்.

சாந்தில் எடுத்த உடம்பு

முதல் பெரும் பயணி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் படி. 1840களில் க்ளெமெந்தே பாப்பி என்ற வார்ப்புக் கலைஞர் சிலையின் மேலேயே அச்செடுத்தார். இதில் உள்ள சங்கடம் தச்சருக்கும் கொத்தனாருக்கும் உடனே புரியும். தாடைக்குக் கீழே, விரலிடுக்கில், முடிச்சுருளுக்குள் சாந்து போய் இறுகிவிட்டால் ஒரே துண்டாக அச்சைக் கழற்ற முடியாது. ஆகவே ஒவ்வொரு குழிவுக்கும் தனித்தனித் துண்டாக அச்சு. அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்க வெளியே ஒரு தாய் அச்சு. பிறகு உட்புறம் முழுக்கச் சாந்தை அப்பி, உள்ளே கூடான ஓர் உருவம் வார்க்கலாம். கல்லின் கனம் அதில் இராது. துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றலாம்.

அப்படித்தான் 1857இல் ஒரு தாவீது லண்டன் போனது. தஸ்கனி கோமகன் விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய பரிசு அது. கிர்லாந்தாயோவின் ஓவியம் ஒன்றை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டுபோக அவர் அனுமதி மறுத்திருந்தார். அந்த மனத்தாங்கலை ஆற்றத்தான் இந்தப் பரிசு என்பார்கள். மகாராணி அதை அருங்காட்சியகத்துக்குத் தள்ளிவிட்டார். நிர்வாணம் கண்டு முகம் சுளிக்கும் அரச குடும்பத்துப் பெண்கள் வரும் நாட்களில் மாட்டுவதற்காக அரை மீட்டர் உயர அத்தி இலை ஒன்றையும் சாந்தில் செய்தார்கள். இலையை மாட்டச் சிலையில் இரண்டு கொக்கிகள் இருந்தன. இலை இன்றும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், அதே சிலைக்குப் பின்னால் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.

பாப்பி பின்னர் வெண்கலத்திலும் ஒன்று வார்த்தார். அது ஃபிளாரன்ஸின் குன்றின் மேல் நிற்கிறது. 1910இல் சதுக்கத்தின் பழைய இடத்தில் ஒரு பளிங்குப் படியும் வைத்தார்கள். இவை இரண்டும் கனத்துக்குக் கனம் செய்தவை, நிலையாக நிற்பவை. நம் கதை சாந்தின் கதை. ஆனால் சாந்துக்கும் ஒரு விலை உண்டு. அச்செடுக்க மூலத்தைத் தொட வேண்டும், எண்ணெயோ சோப்போ தடவ வேண்டும், அது பளிங்குக்குள் இறங்கிக் கறைபடும். இன்று எந்த அருங்காட்சியகமும் அதற்குச் சம்மதிக்காது.

தொடாமல் எடுத்த அச்சு

1998–99இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெவாய் தன் குழுவோடு இத்தாலியில் வந்து இறங்கினார். லேசர் கோட்டைப் பளிங்கின் மேல் ஓடவிட்டு, அது வளையும் விதத்தைக் கேமராவால் பார்த்து, மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிடுவது திட்டம். கால் மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் பதிந்தால்தான் உளியின் தடம் தெரியும். பகலில் பார்வையாளர் கூட்டம் என்பதால் வேலை இரவில். முப்பது இரவுகள், 22 பேர்.

வந்து பார்த்தால் கருவி எட்டவில்லை. கலை வரலாற்று நூல்கள் சொன்ன 434 சென்டிமீட்டர் உயரத்தை நம்பி அவர்கள் சாரத்தைக் கட்டியிருந்தார்கள். சிலையின் உண்மையான உயரம் 517 சென்டிமீட்டர். உலகமே பார்த்த சிலையை யாரும் ஒழுங்காக அளக்கவில்லை. சாரத்துக்கு மேலே ஒட்டுப்போட்டு வேலையை முடித்தார்கள். கடைசியில் கையில் இருந்தது சுமார் 200 கோடி முக்கோணங்களும் 7,000 வண்ணப்படங்களும், மொத்தம் 32 ஜிகாபைட். அதிலிருந்தே சிலையின் கன அளவைக் கணக்கிட்டு எடை சுமார் 5,800 கிலோ என்றார்கள்.

தாவீதின் எடை முதல் தடவையாகச் சரியாகத் தெரிந்த அதே நேரத்தில், எடையே இல்லாத தாவீது ஒன்றும் பிறந்துவிட்டது.

இஸ்தான்புல்லில் ஒரு வீழ்ச்சி

துருக்கியக் கலைஞர் செர்கான் ஓஸ்கயாவுக்கு மூலத்தைவிடப் படிகளில்தான் ஈடுபாடு அதிகம். 2005இல் நடக்கவிருந்த ஒன்பதாவது இஸ்தான்புல் பியனாலே கலைக் கண்காட்சிக்காக, லெவாய் குழுவின் கணினி மாதிரியைக் கொண்டு தாவீதை இரு மடங்காகச் செய்து, பொன்னிறம் பூசி, தெருவில் நிறுத்த முடிவெடுத்தார். பொருள் தெர்மாகோல் வகை நுரை.

கணக்கு நுரையின் பக்கம் இருந்தது. உயரம் இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும். பளிங்கில் செய்தால் சுமார் 46 டன். ஒரு கன மீட்டர் பளிங்கு ஏறக்குறைய 2,700 கிலோ, ஒரு கன மீட்டர் தெர்மாகோல் பொதுவாக 15 முதல் 30 கிலோ. ஆக இரு மடங்குத் தாவீதை உள்ளே இடைவெளியே இல்லாமல் தெர்மாகோலில் கட்டினாலும் சில நூறு கிலோவில் முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட உருவங்களைச் செய்யும் பட்டறைகளில் வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கணினி மாதிரியைப் பாளம் பாளமாக வகுந்து, ஒவ்வொரு பாளத்தையும் கணினி ஓட்டும் கடைசல் முனையாலோ சூடான கம்பியாலோ வெட்டுகிறார்கள். பாளங்களை அடுக்கி ஒட்டுகிறார்கள். இணைப்பைத் தேய்த்து மறைக்கிறார்கள். நடுவே இரும்புச் சட்டம் போகிறது. மேலே கடினமான பூச்சு. இங்கே புதியவர்களைக் கவிழ்க்கும் ஒரு சங்கதி உண்டு. மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினை நேரடியாகத் தெர்மாகோல் மேல் பூசினால், அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். சர்க்கரைப் பொம்மைமேல் வெந்நீர் ஊற்றியதுபோல மூக்கும் விரலும் காணாமல் போகும். ஆகவே முதலில் எபாக்சியோ வேறொரு தடுப்புப் பூச்சோ வேண்டும்.

கணக்கின் இன்னொரு பக்கம் அவ்வளவு நல்ல செய்தி சொல்வதில்லை. மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று, எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 14 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. 100 கிலோமீட்டர் காற்று கிட்டத்தட்ட 47 கிலோ. இரு மடங்குச் சிலையின் மேற்பரப்பு நான்கு மடங்கு. பளிங்குத் தாவீது தன் கனத்தாலேயே காற்றைத் துச்சமாக நினைக்கும். தெர்மாகோல் தாவீதுக்கு அந்தக் கனம் இல்லை. அதற்கு அடியில் இரும்பும் பாரமும் வேண்டும், கணுக்காலுக்குள் சட்டம் வேண்டும். மேலும் கிரேனில் தூக்கும்போது சட்டமும் பாளங்களும் ஒன்றையொன்று இழுக்கும். நின்ற நிலைக்குக் கட்டியது படுத்த நிலையில் வளைய, வேறெங்கோ விரிசல் விடும்.

ஓஸ்கயாவின் பொன்னிறத் தாவீது கண்காட்சி தொடங்குவதற்குச் சற்று முன்பு, நிறுத்தும் வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே சரிந்து உடைந்தது. ஐந்து நூற்றாண்டு நின்ற சிலையின் லேசான வாரிசு ஒரு கண்காட்சிக் காலம்கூடத் தாங்கவில்லை.

ஃபைபரில் மறுபிறவி

கல் உடைந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். நுரை உடைந்ததால் தொடர்ந்தது. உடைந்த உருவத்தைச் சீராக்கி, அதிலிருந்து கண்ணாடியிழையில், நம் பட்டறைகளில் ஃபைபர் என்கிறோமே அதில், படிகள் எடுத்தார்கள். ஃபைபர் வேலையில் உருவம் முழுக்கவும் தோல்தான். அச்சின் உட்புறம் ஜெல் பூச்சு, அதன் மேல் கண்ணாடியிழைப் பாய், ரெசின், மீண்டும் பாய். சில மில்லிமீட்டர் கனத்தில் ஓடு உருவாகிறது. வளைவுகளால் அந்த ஓட்டுக்கு உறுதி வருகிறது. பகுதி பகுதியாக வார்த்து உள்ளே விளிம்புகளைப் போல்ட் போட்டு முடுக்கலாம். தெர்மாகோலைவிடக் கனம்தான், ஆனால் மழையைத் தாங்கும், லாரி குலுக்கலையும் தாங்கும்.

அந்தப் படிகளில் ஒன்றை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் உள்ள 21சி மியூசியம் ஹோட்டல் வாங்கியது. 2012இல் நியூயார்க் தெருக்களில் படுத்துப் போனது அதுதான். ஊர்வலம் முடிந்து லூயிவில் போய்ச் சேர்ந்தது. சில வாரக் கண்காட்சிக்கென்று பிறந்த உருவம் இப்போது அந்த நகரின் மெயின் தெருவில் நிரந்தரமாக நிற்கிறது, முப்பது அடியைத் தாண்டிய உயரத்தில், தன் இரும்புக் காலை நம்பி.

இதற்கிடையே ஃபிளாரன்ஸே ஒரு பழைய கடனைத் தீர்த்துக்கொண்டது. 2010 நவம்பரில், பண்பாட்டு விழா ஒன்றின்போது, ஃபைபர் தாவீது ஒன்றைக் கிரேனில் தூக்கி, மைக்கலாஞ்சலோவுக்கு முதலில் சொல்லப்பட்ட அதே பேராலயத் தாங்குசுவரின் மேல் நிறுத்தினார்கள். கல்லால் ஏற முடியாத உயரத்துக்கு ஓடு சுலபமாக ஏறியது. தலையும் கையும் பெரிதாக இருப்பது கீழிருந்து பார்க்கப்படுவதற்காகவா என்று புத்தகத்தில் வாதாடியவர்கள், அந்த ஒரு நாள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். தற்காலிகப் படியின் மிகச் சிறந்த பயன் இதுவே என்று நினைக்கிறேன். மூலத்தைவைத்துச் செய்ய முடியாத சோதனையை அது செய்து காட்டிவிட்டுப் போகும்.

இன்னொரு சோதனை நேர் எதிர்த்திசையில் நடந்தது. மூலச்சிலையின் கணுக்கால் அருகிலும் மரத்தண்டிலும் மயிரிழை விரிசல்கள் உண்டு. அவற்றின் காரணத்தை அறிய இத்தாலிய ஆய்வாளர்கள் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் சாந்துத் தாவீதுகளைச் செய்து, சுழலும் மையவிலக்குக் கருவியில் வைத்துச் சுற்றினார்கள். சுழற்சி கூடக் கூட அந்தக் குட்டிச் சிலைகளின் எடை பன்மடங்காகிறது, பெரிய கல்லின் பாரத்தைச் சின்ன உடம்பு உணர்கிறது. சாய்த்து வைத்துச் சுற்றியபோது, மூலத்தில் விரிசல் இருக்கும் அதே பகுதிகளில் உடைந்தன. பதினைந்து பாகை சாய்ந்தால் சிலை தன் எடையாலேயே விழும் என்று 2014இல் எழுதினார்கள். எல்லோரும் தாவீதின் எடையைக் குறைக்கப் பாடுபட, இவர்கள் பொம்மைக்கு எடையைக் கூட்டி மூலத்தின் நோயைக் கண்டார்கள். பளிங்கோ நுரையோ, ஆபத்து அதே கணுக்காலில்தான் இருக்கிறது.

துபாயில் தலை மட்டும்

2020 டிசம்பரில் ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தின் கிராட்சியா தூச்சி தலைமையிலான குழு மீண்டும் சிலையை அளந்தது. இம்முறை அச்சும் வேண்டாம், கடைசல் முனையும் வேண்டாம். பெரிய முப்பரிமாண அச்சு இயந்திரம் அக்ரிலிக் கூழை அடுக்கடுக்காகப் பிழிந்து 14 பகுதிகளாக உருவத்தைக் கட்டியது. பிறகு நிகோலா சால்வியோலி என்ற மறுசீரமைப்புக் கலைஞரின் பட்டறையில் பளிங்குத் தூள் கலந்த பூச்சு கொடுத்து, கறை, விரிசல், பழைய காயம் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். இயந்திரம் வடிவத்தைத் தரும், வயதைத் தராது. வயதை மனிதர்தான் பூச வேண்டும். மூலத்தின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கோடு அது வளைகுடாவுக்குப் பயணமானது.

2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை நடந்த துபாய் உலகக் கண்காட்சியின் இத்தாலிய அரங்கில், இரண்டு தளங்களை ஊடுருவி நின்றது அந்தத் தாவீது. பொதுமக்கள் நடமாடும் மேல்தளத்தில் தலையும் தோளும் மட்டுமே தெரிந்தன. உடம்பு கீழ்த்தளத்தில். முகத்துக்கு நேர் முகமாகப் பார்க்கும் அரிய வாய்ப்பு என்றார்கள் அமைப்பாளர்கள். தலையை வெட்டி மானத்தைக் காத்தார்கள் என்று இத்தாலிய இதழ்கள் எழுதின. லண்டனில் ஓர் இலை செய்த வேலையைத் துபாயில் ஒரு தளம் செய்தது. கல்லின் கனத்தைக் கழற்றிவிட்டவர்களால் அந்தக் கூச்சத்தைக் கழற்ற முடியவில்லை.

கடைசிச் சுமை

பெரிய சிலையின் லேசான படியைச் செய்ய இன்று மூன்று தேவை: வடிவம், பொருள், அனுமதி. பொருள் எந்த ஊரிலும் கிடைக்கிறது. அதைக் கையாளத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். வடிவம் கணினிக் கோப்பாக நொடியில் கடல் தாண்டும். சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு தன் அளவைகளை ஆய்வாளர்களுக்கு மட்டும், வணிகத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்ற நிபந்தனையோடு, விண்ணப்பம் பார்த்துத்தான் தருகிறது. இத்தாலியின் 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, அரசு அருங்காட்சியகத்தில் உள்ள பொருளின் உருவத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் வேண்டும். 2023இல் ஃபிளாரன்ஸ் நீதிமன்றம், தாவீதின் படத்தை ஒரு விளம்பர மாடலின் படத்தோடு கலந்து அட்டையில் போட்ட இதழ் நிறுவனத்தை 50,000 யூரோ கட்டச் சொன்னது. மைக்கலாஞ்சலோ இறந்து நாலரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவர் செதுக்கிய முகத்துக்கு இன்றும் காவல் இருக்கிறது.

இதில் நியாயம் இரு பக்கமும் உண்டு. சாவிக்கொத்திலும் சமையல் மேலங்கியிலும் தாவீதை அச்சடித்து விற்பதைப் பார்க்கும் அருங்காட்சியகத்தாரின் எரிச்சல் புரிகிறது. ஆனால் விழுந்து எழுந்த ஓஸ்கயாவின் பொன்னிறத் தாவீதும், தாங்குசுவரில் ஏறிய ஃபைபர் தாவீதும், சுழன்று உடைந்த குட்டித் தாவீதுகளும் மூலத்தைப் பற்றி நமக்குச் சொன்னவை கொஞ்சமல்ல. வடிவம் யாரோ ஒருவர் கைக்குக் கிடைத்ததால்தான் அவை சாத்தியமாயின. பளிங்கில் இருந்தவரை தாவீது 369 ஆண்டுகள் திறந்த சதுக்கத்தில் நின்றது. யாரும் வந்து பார்க்கலாம், வரையலாம், சாந்து கொண்டுவந்தால் அச்செடுக்கவும் வழியிருந்தது. எடை குறையக் குறையப் பூட்டு இறுகியிருக்கிறது. ஐந்தரை டன் கல்லுக்கு நாற்பது ஆளும் நான்கு நாளும் போதுமாயிருந்தன. எடையே இல்லாத அந்த 32 ஜிகாபைட்தான் இன்று நகர்த்துவதற்கு மிகக் கடினமான தாவீது.